ஒரு செகண்ட் முன்னால் வந்த சிரிப்பு

காலை 10.10. பத்திரிகையாளர் காட்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர், எல்லாரும் ஆண்கள். படத்தின் பெயர் ‘ரெண்டு குடை’. இயக்குநர் குணாளன்.

பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் எடுத்த காதல் நகைச்சுவைப் படம். எழுத்து, இயக்கம் இரண்டுக்கும் குணாளன் பெயர் மட்டும்.

சாயங்காலத்துக்குள் விமர்சனங்கள் வந்துவிட்டன. அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று பதினொருவரும் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் குணாளன் ஒலிப்பதிவாளர் தாவூதிடம் போனார். இருவருக்கும் ஒரே வயது. ஆனால் குணாளன் தொழில் கற்றது அவரிடம்தான்.

“பொய் எழுதுறானுங்க பாய். சீட்டுக்கு அடியில ரெக்கார்டர் வெச்சிருந்தேன். அங்கங்க ஓட்டிக் கேட்டேன், சிரிப்பு இருக்கு. நெட்ல போட்டு மானத்தை வாங்கப் போறேன். இல்லேன்னா ஒரு தியேட்டர்காரனும் படத்தை எடுக்க மாட்டான்.”

“எதுக்குய்யா ரெக்கார்டர்?”

“எங்க சிரிக்கிறாங்கன்னு பார்த்து, சிரிக்காத எடத்தை வெட்டலாம்னு.”

“நல்ல ஆளுய்யா நீ. குடு.”

தாவூத் ஹெட்போனை மாட்டினார். பத்து நிமிடம் கேட்டார். கழற்றினார்.

“பொம்பளை சிரிப்பு.”

“பொம்பளை யாரும் வரலையே.”

“ஒரே ஒரு ஆளு. எல்லா ஜோக்குக்கும் சிரிக்குது. ஆனா ஜோக் வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி.”

ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் சிரிப்பு. பிறகு வசனம்.

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

மறுபடி போட்டார். இந்த முறை சிரிப்பு இன்னும் கிட்டத்தில் கேட்டது. தாவூத் ஒலியளவைத் தொடவில்லை.

“எழுதினது யாரு?”

“நிறுத்துங்க பாய்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

குணாளன் உட்கார்ந்துவிட்டார்.

“செண்பகவல்லி. மூணு வருஷம் கூட உக்காந்து எழுதினவங்க. ஜோக்கைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களே சிரிச்சிடுவாங்க.”

“கூட்டிட்டு வந்திருந்தியா?”

“ஷூட்டிங்குக்கு முன்னாடியே இறந்துட்டாங்க.”

தாவூத் ரெக்கார்டரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நெட்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்.”

ஜனவரி 24 அன்று படம் நான்கு திரையரங்குகளில் வெளியானது. டைட்டிலில், எழுத்து: செண்பகவல்லி, குணாளன். மூன்று நாள் ஓடியது.