இலையில் ஒரு தலை

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. பெயர் எதற்கு? அந்த ராஜாவுக்கே நாட்டைவிடத் தன் பிடிவாதம்தான் பெரிது. மனதில் ஒன்று விழுந்துவிட்டால் அதை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

அந்த வருஷம் ராணிக்கு உடம்பு தேறியதற்காக, ஒரு மண்டலம் அரண்மனைக்குள் உயிர்க்கொலையும் கவிச்சியும் கூடாது என்று விரதம் எடுத்திருந்தார். அப்போது முத்து வாங்க வந்த எலியாகு என்ற யூத வணிகர், காற்று திரும்பாததால் ஊருக்குக் கப்பலேற முடியாமல் மாட்டிக்கொண்டார். அவர்களுடைய வருஷப் பிறப்பு நெருங்கியது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து அன்றைக்குத் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறோமே என்று மனிதர் வாடிப்போனார். விஷயம் ராஜா காதுக்கு எட்டியது. விருந்து நம் அரண்மனையில்தான் என்று சொல்லிவிட்டார்.

அரண்மனையில் கவிச்சி இல்லாதது எலியாகுவுக்கும் தோதாகப் போயிற்று. அயலார் வீட்டில் அவர் கறி தொடமாட்டார். புதுச் சட்டியில் சமைத்த காய்கறி என்றால் கவலை இல்லை. என்னென்ன வேண்டும் என்று ராஜா குடைந்து குடைந்து கேட்டார். மாதுளை, பேரீச்சை, பூசணி, காராமணி, தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார் அவர். வருஷம் இனிப்பாகப் பிறக்க வேண்டும் என்பதால் புளிப்பு ஆகாது. ஊரில் என்றால் ஒரு மீன் தலையோ ஆட்டுத் தலையோ வைத்து, இந்த வருஷம் நாங்கள் தலையாக இருக்க வேண்டும், வாலாக அல்ல என்று வேண்டிக்கொள்வார்களாம். இங்கே அது இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

ராஜா கேட்டால்தானே! விருந்தாளி இலையில் தலை இருந்தாக வேண்டும், தன் விரதமும் கெடக் கூடாது என்று பிடித்துக்கொண்டார்.

மடைப்பள்ளி அதிகாரி விடங்கருக்கு நெற்றி நிறைய விபூதி, மனசு நிறையப் பொறாமை. விகடகவி சடையனைக் கண்டாலே வயிறு எரியும். சடையனுக்குப் பெயரில்தான் சடை, தலை சுத்த வழுக்கை. இந்த வேலைக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று விடங்கர் தேனொழுகச் சொன்னார். ராஜா தலையாட்டியதும் நிபந்தனைகளை அடுக்கினார். பூசணியில் முகம் செதுக்கினால் செல்லாது. பொம்மை செல்லாது. பிறவியிலேயே கண்ணும் முடியும் மண்டையோடும் இருக்க வேண்டும், விருந்தாளி அதைச் சாப்பிட வேண்டும், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது.

"தவறினால் அவன் தலை போகட்டும், மகாராஜா."

வேகத்தில் ராஜா சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முகம் சுருங்கியது. ஆனால் சபையில் கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப எடுப்பது?

பயப்படாமல் இருக்கச் சடையன் என்ன கல்லா? வழுக்கையைத் தடவியபடி மடைப்பள்ளிக்குப் போனான். அங்கே வேறு கலவரம். புளி இல்லாமல் என்ன குழம்பு வைப்பது என்று சமையற்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"தேங்காய்ப் பாலை ஊத்தி வைங்கப்பா, புளியை யாரு தேடப்போறா" என்றவன் சட்டென்று நிறுத்தினான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பாவம், பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

விருந்தன்று எலியாகுவின் இலையில் பூசணிக் கூட்டு, காராமணிச் சுண்டல், தேங்காய்ப்பால் குழம்பு, மாதுளை முத்து, தேனில் ஊறிய பேரீச்சை எல்லாம் வந்தாயிற்று. வேடிக்கை பார்க்க விடங்கர் முன்னாலேயே இடம் பிடித்திருந்தார். சடையன் பட்டுத்துணி மூடிய தட்டைக் கொண்டுவந்து வைத்துத் துணியை விலக்கினான். உள்ளே குடுமியை ஒதுக்கிக் கண் தெரிய உரித்த தேங்காய் ஒன்று விழித்துக்கொண்டிருந்தது.

விடங்கர் மோசடி என்று கத்தினார்.

"ஐயா விதித்தபடியேதான் கொண்டுவந்தேன்" என்றான் சடையன். "முடி இருக்கிறது. எனக்கில்லாத குடுமியே இருக்கிறது. ஓடும் கண்ணும் பிறவியில் வந்தவை. உடைத்தால் ரத்தம் வராது, தித்திப்பாகத் தண்ணீர்தான் வரும்."

"மூன்று கண் இருக்கிறதே! மூன்று கண்ணுள்ள தலையை எவனாவது பார்த்ததுண்டா?"

சடையன் அவர் நெற்றி விபூதியை ஒரு பார்வை பார்த்தான். "காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள் ஐயா? சுவாமிக்கு எத்தனை கண் என்று பார்க்கவில்லையா?"

விடங்கரின் கை தானாக எழுந்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எலியாகு அந்தத் தலையைத் தூக்கி வைத்து வேண்டிக்கொண்டார். உடைத்து ஒரு சில் வாயில் போட்டதும் அவர் கண் கலங்கியது. வீட்டில் இருப்பது போல இருக்கிறது என்றார். பாயசத்துக்கு மீதித் தேங்காயைத் துருவும் வேலை விடங்கருக்குப் போயிற்று.

ராஜா மகிழ்ந்து தன் முத்துத் தலைப்பாகையைக் கழற்றிச் சடையனுக்குச் சூட்டினார். வழுக்கையில் அது நிற்குமா? வழுக்கிக்கொண்டு மூக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது.

"மகாராஜா" என்று உள்ளிருந்து குரல் வந்தது, "நேற்று தங்களால் என் தலை போகப் பார்த்தது. இன்று தங்களால் இருந்தும் தெரியவில்லை."

ராஜா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். பாயசம் ஆறும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.