கல்லைத் தாண்டாத மாப்பிள்ளை

சன்னாசி சொன்ன இந்தச் சங்கதியைப் பல வருஷமாக முழுசாக நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும். சன்னாசிக்கு அது கிடையாது.

அவனுடைய சிநேகிதன் தவசி கொக்குளத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். ரயில்வே கேட்காரர் பொன்னையாவின் மகள் செல்லக்கிளி மேல் அவனுக்கு உயிர். டீக்கடையில் வைத்துப் பெண் கேட்டுவிட்டான். பொன்னையா மீசையைத் தடவினார்.

"நாளைக்குக் காலையில பாசஞ்சருக்குப் பச்சைக்கொடி காட்டுவேன். ரயிலும் நானும் ஒண்ணா விழுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு வா. கல்யாணத்தைப் பேசுவோம். ஆனா அந்தா நிக்குதே எல்லைக்கல்லு, அதுக்கு அந்தப்பக்கம் ரயில்வே நிலம். ஒரு விரக்கடை தாண்டுனாலும் கேஸு. என் வேலையும் போயிரும்."

"மயிரிழைகூடத் தாண்ட மாட்டேன் மாமா."

"அதுக்குள்ள மாமாவா?"

காலையில் தவசி, சன்னாசி, சைக்கிள் கடைப் பூச்சி மூவரும் கல்லுக்கு இந்தப்பக்கம் வந்து நின்றார்கள். முதுகுப் பக்கம் வெயில்.

"தவசி, அசையாதே! உன் நிழல் தாண்டிருச்சு!" என்று அலறினான் சன்னாசி.

குனிந்து பார்த்தார்கள். தவசியின் தலையும் தோளும் ரயில்வே நிலத்தில் கிடந்தன.

"நிழலுக்கும் கேஸ் உண்டாடா?"

"தலை யாருது? உன்னுது. அப்ப கேஸும் உன்னுது."

பூச்சி நல்ல உயரம். யோசித்துவிட்டு, தவசியின் முதுகோடு ஒட்டி நின்றான். தவசியின் நிழல் காணாமல் போயிற்று.

"இப்ப உன் நிழலுல்ல தாண்டிக் கெடக்கு?" என்றான் சன்னாசி.

"கெடக்கட்டும். நானா பொண்ணு கேட்டேன்?"

அந்த நியாயம் மூவருக்கும் பிடித்திருந்தது.

ரயில் கூவியது. தூரத்தில் பொன்னையா கொடியோடு விறைத்து நின்றார். அவரைப் பெரிசாகக் காட்ட, தவசி ஜூமைத் திருகினான். கேமராவின் மூக்கு நீண்டது. கல்லருகே குத்தவைத்துக் காவல் பார்த்த சன்னாசி துள்ளினான்.

"மூக்கு தாண்டுது! பின்னாடி போ!"

தவசி பின்னால் போனான். அவன் போனதால் ஒட்டி நின்ற பூச்சியும் போனான். இப்போது மாமா சின்னதாகிவிட்டார். தவசி இன்னும் திருகினான்.

"இன்னும் நீளுதுடா! இன்னும் பின்னாடி!"

திருகத் திருக மூக்கு நீண்டது, நீள நீள இவர்கள் பின்னால் போனார்கள். கத்தரித் தோட்டம் முடிந்தது. வாய்க்கால் வந்தது. பூச்சி அடியில், தவசி மேலே, கேமரா அதற்கும் மேலே. அந்த நிலையிலும் தவசி பொத்தானை அமுக்கிவிட்டான்.

சாயங்காலம், வாய்க்காலில் விழுந்த சேறு காயாத சட்டையோடு படத்தை நீட்டினான். பொன்னையா வெகுநேரம் பார்த்தார். படத்தில் ஒரு காக்கா பறந்துகொண்டிருந்தது.

"இதுல நான் எங்க?"

"காக்காவுக்குக் கீழ மாமா. ரொம்பக் கீழ."

"ரயிலு?"

"அது போயிருச்சு மாமா."

தவசிக்கு உயிர் போய்விட்டது. பொன்னையாவுக்கோ கண் கலங்கியது.

"வாய்க்கால்ல விழுந்தாலும் விழுவேன், கல்லைத் தாண்ட மாட்டேன்னு இருந்தியே! நீதான்டா என் மருமகன்!"

பெண்வீட்டில்தான் கல்யாணம். வீடோ, கேட்டை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸ். மாப்பிள்ளை கல் வரைக்கும் வந்து நின்றான். பெண் அந்தப்பக்கம் மணையில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்க, தவசி தாலியை நீட்டினான்.

"கை தாண்டுது!" என்று கத்தினான் சன்னாசி.

"என் வேலை போயிரும் மாப்பிள்ளை!" என்று கும்பிட்டார் பொன்னையா.

தவசி கையை இழுத்துக்கொண்டான். முகூர்த்தம் தப்பியது. அடுத்த முகூர்த்தமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இந்த இடம் வந்ததும் சன்னாசி ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டுக் கதையை நிறுத்திவிடுவான். போன வாரம் டீக்கடையில் அவனிடம் கேட்டே விட்டாயிற்று:

"ஏன் சன்னாசி, அந்தப் பொண்ணு எந்திரிச்சு ரெண்டு எட்டு இந்தப்பக்கம் வந்திருக்கலாமே?"

சன்னாசி வாயைப் பிளந்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "தவசீ! டேய் தவசீ!" என்று கத்திக்கொண்டே எல்லைக்கல்லைப் பார்த்து ஓடினான்.