பண்டாரத் தலைவர் எடுத்த முதல் வெற்றிலை

முன்னொரு காலத்திலே மருதநத்தம் என்கிற சீமையைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டுக் கை கழுவினால் வேறொன்று சொல்வான். அப்பேர்ப்பட்டவனோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் மந்திரி சாத்தப்பர்.

அந்தச் சீமையில் ஓர் ஏற்பாடு இருந்தது. படைவீரன் ஒவ்வொருவனும் தன் மாதக் கூலி நெல்லில் ஒரு மரக்காலைப் பொதுவில் போட்டுவிடுவான். தலை நரைத்து ஈட்டியைக் கீழே வைத்த பிறகு, சாகிற வரைக்கும் மாதாமாதம் அவன் வீட்டுக்கு நெல் வரும். அந்தப் பொதுச்சொத்தைச் சாத்தப்பர்தான் பார்த்துக்கொண்டார். நஞ்சையில் கொஞ்சம், ஆட்டு மந்தையில் கொஞ்சம், தென்னந்தோப்பில் கொஞ்சம், உப்பளத்தில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டிருந்தார்.

அரண்மனைக் கஜானாவைக் காத்த பண்டாரத் தலைவர் நாகமலையாருக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். அந்த வருஷம் மலைநாட்டு வியாபாரிகள் வந்து வெற்றிலையை மூன்று மடங்கு விலைக்கு அள்ளிப் போனார்களா, இதுதான் சமயமென்று ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, மந்திரியின் லட்சணத்தைப் பாருங்கள்! போன வருஷம் மழையில் உப்பளம் கரைந்தது. அதற்கு முன்னால் ஆட்டுக்கு நோய். வருஷா வருஷம் எதிலாவது நஷ்டம். எல்லாவற்றையும் விற்று வெற்றிலைக் கொடிக்கால் போட்டால், கிழவர்களுக்கு நெல் என்ன, நெய்யே ஊற்றலாம்!"

ராஜாவுக்குக் கண் விரிந்துவிட்டது. "என்ன மந்திரியாரே, இத்தனை நாள் தூங்கினீரா? நாளைச் சபையில் பதில் சொல்லும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நாகமலையாரிடம் கொடுத்துவிடும்!"

சாத்தப்பர் வணங்கிவிட்டுக் கிளம்பினார். வெளியே வரும்போது கோட்டை வாசலில் காவலாளி இருளாண்டி வணங்கினான். எப்போதோ அம்பு பட்டு, அவனுடைய இடது கை மடங்காது.

"ஐயா, தை பிறந்தா ஈட்டியை வெச்சிடறேன். எல்லாத்தையும் வெற்றிலையில போடப் போறதா பேசிக்கிறாங்களே. நல்லதுதானுங்களா?"

"உன்னைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை இருக்கிறானா, இருளாண்டி?"

"இருந்தானுங்க. எல்லைச் சண்டையில போயிட்டான். எனக்கும் வீட்டுக்காரிக்கும் அந்த நெல்லுதாங்க."

சாத்தப்பர் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டார். மோதிரம் போனால் போகட்டும், விரல் லேசாகும். இவன் வீட்டு உலை கொதிக்காமல் போனால் யாரிடம் போய் நிற்பான்? அதையே நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் ஊரைச் சுற்றி எதையெதையோ விசாரித்துவிட்டு வந்தார்.

மருதநத்தத்துச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யோசனை சொன்னவரே தாம்பூலத் தட்டிலிருந்து முதல் வெற்றிலையை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால், தனக்கு உள்ளதையெல்லாம் அந்த யோசனையில் முதலில் வைக்கிறேன் என்று அர்த்தம். நாளாவட்டத்தில் அது வெறும் சடங்காகிப் போனது. எடுப்பார்கள், மெல்லுவார்கள், மறந்துவிடுவார்கள்.

மறுநாள் சாத்தப்பர் தானே தட்டை ஏந்தி வந்தார். "அரசே, நாகமலையார் சொன்னதுதான் சரி. முதல் வெற்றிலையை அவரே எடுக்கட்டும்."

சபையே அசந்துபோனது. நாகமலையார் மீசையை முறுக்கிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் திணித்தார்.

"சந்தோஷம்," என்றார் சாத்தப்பர். "இவருக்குத் தென்கரையில் தோப்பு, நூறு மாடு, ஓடத்துறையில் பங்கு, மலையடியில் புளியஞ்சோலை எல்லாம் உண்டு. வழக்கப்படி அத்தனையும் விற்று இன்றைக்கே கொடிக்கால் வாங்கட்டும். வீரர்களின் சொத்து அவர் பின்னாலேயே வரும்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"மகாராஜா... என் சொத்து வேறு விஷயம்."

"எப்படி ஐயா வேறு?" என்றான் ராஜா.

"வெற்றிலை நோஞ்சான் கொடி, மகாராஜா! நாலு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஒரு சூறைக்காற்று போதும், பந்தலோடு படுத்துவிடும். வியாபாரி அடுத்த வருஷம் வருவானோ, மாட்டானோ! எனக்கு அறுபது வயதாகிறது. எல்லாம் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு ஏது?"

சாத்தப்பர் குரலை உயர்த்தவேயில்லை. "இருளாண்டிக்கு அறுபத்திரண்டு," என்றார்.

ராஜா வாசல் பக்கம் பார்த்தான். மடங்காத கையோடு நின்றுகொண்டிருந்தவனை வெகுநேரம் பார்த்தான். பிறகு, "நாகமலையாரே, உமக்கு நான்கு இடத்தில் கால் வேண்டும், அவனுக்கு மட்டும் ஒற்றைக் காலா? வெட்கமாயில்லை?" என்றான். "எனக்கும்தான் வெட்கமாக இருக்கிறது."

"அரசே, வெற்றிலையும் கெட்டதில்லை," என்றார் சாத்தப்பர். "அதுவும் ஒரு பங்காக இருக்கட்டும்."

"சரி, எடுத்த வெற்றிலைக்கு ஈடாக நாகமலையார் சொத்தில் பத்தில் ஒன்று கொடிக்காலாகி வீரர்கள் பொதுவில் சேரட்டும். அப்புறம் நஷ்டமே வராதில்லையா?" என்றான் ராஜா.

"வரும். வருஷா வருஷம் ஏதாவது ஒன்று படுக்கும். அதைக் காட்டி யாராவது என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். எல்லாம் ஒரே நாளில் படுக்காது, அரசே. என்னால் முடிந்தது அவ்வளவுதான்."

ராஜா போட்டிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். சாத்தப்பர் வாங்கவில்லை. "மாதாமாதம் அவர்களுக்கு நெல்லை நீங்களே அளந்து போடுங்கள். அதுதான் எனக்குப் பரிசு," என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் பத்து நாள் விடாமல் பெய்தது. கொடிக்கால் அத்தனையும் அழுகிப்போனது. உப்பளம் கரைந்தது. நஞ்சையில் பாதி விளைந்தது. ஆடும் தென்னையும் தப்பித்தன.

மாதப் பிறப்பன்று இருளாண்டி சாக்கோடு வந்தான். ராஜா அளந்தான். "இந்த மாசம் கால் மரக்கால் குறைகிறதப்பா," என்று சொல்லும்போது அவனால் தலை நிமிர முடியவில்லை.

"போடுங்க மகாராஜா. அவ உலை வெச்சிட்டுத்தான் அனுப்பிச்சா."

ஒற்றைக் கையால் சாக்கை விரிக்க முடியாமல் கிழவன் தடுமாறினான். வரிசை ஓரமாக நின்ற நாகமலையார் வந்து, சாக்கின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.