கயிறு பிடித்த கை

சந்தியாகு ஆசான் கல்லைக் காலில் மாட்டிக் கடலடிக்குப் போய்ச் சங்கு எடுப்பவர். அடங்காத பிள்ளைகளை ஊர் அவரிடம்தான் கொண்டுவந்து விடும். இடுப்பில் கயிற்றைக் கட்டி நடுக்கடலில் தள்ளுவார். மூச்சு முட்டி, உப்புத்தண்ணீர் குடித்து, சாவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவன் அப்புறம் வாலாட்ட மாட்டான். அவருடைய சீடன் லூர்தையனும் அப்படி வந்தவன்தான்.

பெலிக்ஸ் வேறு ரகம். பதினாறு வயதிலேயே தகப்பன் மண்டையைக் கல்லால் உடைத்தவன். "இங்கயும் சரிப்படலேன்னா போலீஸ்ல ஒப்படைச்சிருவேன் ஆசானே" என்று அவன் அம்மா அழுதாள். பயல் ஆசானைப் பார்த்து, "எம்மேல கை வச்ச, உன்னை மீனுக்குப் போட்டிருவேன்" என்றான். செய்துவிடுவான் போலத்தான் இருந்தது.

"கடல்ல தள்ளுங்க ஆசானே. ஒரே முக்குல அடங்கிருவான்" என்றான் லூர்தையன்.

"நாளைக்கு வள்ளத்தை எடு."

மறுநாள் ஆசானின் மச்சினன் கரையில் காத்திருந்தார். சங்கு குளிக்கிறவன் தன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மச்சினன் கையில்தான் கொடுப்பான். அக்கா தாலியை நினைத்தாவது தூக்கிவிடுவாரே! மச்சினனுக்குக் காய்ச்சல், மேலுக்கு முடியவில்லை என்றால் ஆசான் கடலுக்கே போக மாட்டார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு, "நீ வீட்டுக்குப் போ" என்று அவரை அனுப்பிவிட்டார்.

நடுக்கடலில் பெலிக்ஸ் சட்டையைக் கழற்றி எறிந்தான். "தள்ளு, பாப்போம்."

ஆசான் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார். மறுமுனையை அவன் கையில் வைத்தார்.

வள்ளத்தை ஓட்டிவந்த லூர்தையன் கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தான். "ஆசானே, நான் பிடிக்கேன்!"

"நீ அங்கனயே இரி. கயித்தைத் தொட்ட, இனி என் முகத்துல முழிக்காத."

பெலிக்ஸ் திருதிருவென்று விழித்தான். "எனக்குப் பிடிக்கத் தெரியாது."

"கீழருந்து இழுப்பேன். உடனே தூக்கணும்."

"தூக்கலேன்னா?"

"வர மாட்டேன்."

கல்லோடு இறங்கிவிட்டார்.

அம்மாடி, அந்த நேரம்! கடல் ஒன்றுமே தெரியாதது மாதிரி கிடந்தது. கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பெலிக்ஸ் அசையவில்லை. மறுபடி இழுபட்டது. "எய்யா!" என்று ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், பலகையில் காலை உதைத்துக்கொண்டு இழு இழு என்று இழுத்தான். உள்ளங்கை உரிந்து கயிறெல்லாம் ரத்தம். ஆசானை வள்ளத்தில் இழுத்துப் போட்டுவிட்டு ஓவென்று அழுதான்.

ஆசான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு எழுந்தார்.

"இன்னொரு தடவ போறேன். பிடி."

"வேண்டாம் தாத்தா. அந்த அண்ணன்ட்ட குடுங்க."

"நீதான்."

இந்தத் தடவை கயிறு அசைந்ததுதான் தாமதம், தூக்கிவிட்டான்.

சாயங்காலம் பெலிக்ஸ், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, யாரும் சொல்லாமலே கயிற்றை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். லூர்தையன் ஆசான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவன் விட்டிருந்தா?"

"செத்திருப்பேன்."

"இவ்வளவு எதுக்கு ஆசானே? தள்ளியிருந்தா போதுமே. நான் திருந்தலையா?"

"திருந்தின. இல்லேங்கல" என்றார் ஆசான். "போன மாசம் மச்சினன் காய்ச்சல்ல கெடந்தானே, அப்ப நீ இங்க சும்மாதானல இருந்த? நான் கடலுக்குப் போனேனா?"