மயிலுக்காகப் பெருக்கிய வீதி

ஒரு காட்டில், மழை பெய்ய வைப்பது தன் வேலைதான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்த மயில் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஒய்யாரன்.

அந்த நம்பிக்கை அதற்கு எப்படி வந்தது என்று கேட்டால், பிள்ளைகளே, பாதித் தப்பு மற்ற விலங்குகளுடையது. கார்காலத்தில் வானம் இருட்டும். மயிலுக்குக் குஷி பிறக்கும், ஆடும். பிறகு மழை பெய்யும். இதைப் பார்த்த காட்டுப்பன்றி ஒருநாள், மயில் ஆடியதால்தான் மழையே வந்தது என்று சொல்லிவைத்தது. பன்றிக்கு யோசித்துப் பேசும் பழக்கம் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு மயிலுக்குத் தேனாக இனித்தது. அன்றிலிருந்து அதை எல்லாரும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த வருஷம் வந்தது பொல்லாத கோடை. ஆறு வெறும் மணலாகிவிட்டது. காட்டோரக் கொல்லைகளில் கிணறு வற்றி, சோளம் கதிர் வாங்காமலே காய்ந்து நின்றது. காட்டுக்கு நடுவே ஒரே ஒரு குளத்தில் மட்டும் நிறையச் சேறும் கொஞ்சம் தண்ணீரும் மிச்சம் இருந்தன. தாகம் எடுத்த அத்தனை விலங்குகளும் அங்கேதான் வந்து குடித்துவிட்டுப் போயின.

அந்தக் குளக்கரையில், ஒரு மருதமரத்தின் வேருக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு முள்ளம்பன்றி. குத்தாயி என்று பெயர். அதன் முள் கூர்மையா, வாய் கூர்மையா என்று காட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. அப்போதுதான் அது இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. முள்கூட இன்னும் கெட்டிப்படாமல், நடந்தால் தள்ளாடுகிற குட்டிகள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் பங்குனி மாதத்தில் எல்லா விலங்குகளும் சேர்ந்து, குளத்தைச் சுற்றிச் சருகைத் தள்ளி, காய்ந்த புல்லைப் பிடுங்கி, ஒரு வளையத்தை வெறும் தரையாக ஆக்கிவைக்கும். அதற்குத் தீக்கோடு என்று பெயர். காட்டுத்தீ வந்தால் அந்தக் கோடு வரைக்கும் வரும். அதற்குமேல் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே செத்துப்போகும்.

அந்த வருஷமோ பங்குனி போய், சித்திரையும் பாதி போய்விட்டது. யாரும் ஒரு சருகைக்கூட நகர்த்தவில்லை. குத்தாயி ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டது. போன வருஷம் முதுகு ஒடியப் பெருக்கியும் தீயே வரவில்லை, எல்லாம் வீண் வேலை என்றது பன்றி. தீ வந்தால் தனக்குக் கால் இருக்கிறது என்றது மான். தனக்குக் கிளை இருக்கிறது என்றது குரங்கு. எப்படியும் ஐயா ஆடப்போகிறார், மழை கொட்டப்போகிறது, நனைந்த சருகை எந்தத் தீ தின்னும் என்று சொல்லி மூன்றும் சேர்ந்து சிரித்தன.

மயில் ஆடத்தான் செய்தது. குளக்கரையில் தோகையை விரித்துக் கால் நோக ஆடியது. பன்றி, தான் தின்ன வைத்திருந்த அத்திப்பழங்களைக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்தது. பன்றி ஒருவருக்குத் தின்னக் கொடுத்ததை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. ஆனால் வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

முயல் காதை ஆட்டியதால் தாளம் தப்பிவிட்டது என்றது மயில். மறுநாள் மறுபடி ஆடியது. மழை இல்லை. குரங்கு கொட்டாவி விட்டதுதான் காரணம் என்றது. அதற்கடுத்த நாள் பழி காற்றின்மேல் விழுந்தது. அத்திப்பழங்கள் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஐயாவின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். வேறு சமயமாக இருந்தால் குத்தாயி இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். இப்போது அதற்குக் குட்டிகள் நினைப்புதான் வந்தது. மானுக்குக் கால், குரங்குக்குக் கிளை, மயிலுக்கு இறக்கை. தன் குட்டிகளுக்கு என்ன இருக்கிறது? தீ மேலே போனால் புகை வளைக்குள் இறங்கும். கவ்விக்கொண்டு ஓடலாம் என்றால், ஒரு வாயில் ஒரு குட்டியைத்தான் கவ்வ முடியும். எதை விட்டுவிட்டு எதைத் தூக்குவது? நினைக்க நினைக்க அதற்கு அழுகையே வந்துவிட்டது.

நன்றாக அழுது முடித்த பிறகு அதற்கு ஒரு யோசனை வந்தது. தெருக் கோணல் என்கிறவனுக்கு நல்ல தெருவாகப் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன?

அன்று அந்தி சாயும் நேரத்தில், பழுத்த அத்திப்பழமாகப் பார்த்து ஒன்றைக் கவ்விக்கொண்டு மயிலிடம் போனது. பழத்தைக் காலடியில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் பணிவாக நின்றது.

“ஐயா, நானும் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றது மயில், பழத்தைக் கொத்தியபடி.

“குறையெல்லாம் தரையிலதான். நீங்க கால் வைக்கிற இடமெல்லாம் சருகு. சரக்கு சரக்குன்னு ஒரே சத்தம். மேல போற மேகம் அதைக் கேட்டுட்டு, யாரோ கிழட்டுப் பன்னி நடக்குதுன்னு நினைச்சுப் பேசாமப் போயிடுது.”

மயிலுக்குக் கழுத்து விறைத்தது. தன் அடவைப் போய்ப் பன்றி நடை என்று மேகம் நினைப்பதா? பழத்தைக் கொத்துவதைக்கூட நிறுத்திவிட்டது.

“இன்னொண்ணும் இருக்கு ஐயா. தேர் நிலையிலேயே நின்னா யாருக்குத் தரிசனம்? நாலு வீதியும் சுத்தி வந்தாத்தானே? குளத்தைச் சுத்தி ஒரு வீதி போடச் சொல்லுங்க. ஒரு சருகு, ஒரு புல்லு இருக்கக் கூடாது. அதுல நீங்க ஆடிக்கிட்டே வலம் வந்தா, நாலு திசை மேகமும் உங்களைத்தான் பாக்கும்.”

மயில் கண்ணை மூடி அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் ரசித்தது. பிறகு, வீதி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கேட்டது.

“உங்க தோகையை விரிச்சா எவ்வளவோ, அதுல மூணு மடங்கு.”

“மூணா? இந்தத் தோகைக்கா?” மயில் தன் பின்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. “அஞ்சு மடங்கு போடச் சொல்லு.”

குத்தாயி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டியது.

ஆனாலும் மயிலுக்கு மனதின் மூலையில் ஒரு பயம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தியது.

“எல்லாம் சரி குத்தாயி. இவ்வளவும் செஞ்சு, அப்புறமும் மழை வரலைன்னா?”

“வரலைன்னா எவனோ ஒரு சருகை விட்டுட்டான்னு அர்த்தம். அதுக்கு நீங்க என்ன ஐயா செய்வீங்க?”

மயிலுக்கு அதுவரை யாரும் இவ்வளவு அருமையான ஆறுதல் சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே உத்தரவு பிறந்தது. தீக்கோட்டுக்கு வர மாட்டேன் என்ற அத்தனை பேரும், மழை வீதி என்றதும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். பன்றி மூக்கால் புல்லை வேரோடு கெல்லியது. மான்கள் காலால் சருகை ஒதுக்கின. வீதிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளைகளையெல்லாம், மேகத்தின் பார்வையை மறைக்கிறது என்று குத்தாயி சொன்னதை நம்பி, குரங்குகள் ஒடித்து வெளியே எறிந்தன.

அவர்களில் யாரையும்விடக் கடுமையாக உழைத்தது மயில்தான். எந்தச் சருகும் தன் கண்ணில் படாமல் தப்பிவிடக் கூடாது என்று, தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு வளையம் முழுக்க நடந்து தானே பெருக்கியது. மரத்திலிருந்து புதிதாக ஓர் இலை உதிர்ந்தால்கூட மானைக் கூப்பிட்டுத் திட்டியது. அப்படி ஒரு சுத்தமான தீக்கோட்டை அந்தக் காடு பிறந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. குத்தாயி வளைவாசலில் படுத்து, குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றுதான் அது வயிறு நிறையத் தின்றது.

வீதி முடிந்ததும் ஆட்டம் வைத்தார்கள். அத்தனை விலங்குகளும் வளையத்துக்கு உள்ளே, குளக்கரையில் வந்து உட்கார்ந்தன. சாயங்கால வெயிலில் மயில் தோகையை விரித்து, ஓசையில்லாமல் அடி வைத்து, தேர் அசைவதுபோல வலம் வரத் தொடங்கியது. அது அழகாக ஆடியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதி வலம் வந்திருக்கும். மேற்கே மரங்களுக்கு மேல் கறுப்பாக ஏதோ எழுந்தது. குவிந்தது, உருண்டது, வானத்தில் பரவியது.

“மேகம் வந்துட்டுது, பாருங்க” என்றது மயில். அதற்கே நம்ப முடியவில்லை. பன்றி ஆனந்தத்தில் சேற்றில் புரண்டது. குரங்குகள் குதித்தன. மயில் இன்னும் வேகமாக ஆட, அந்தக் கறுப்பும் இன்னும் வேகமாக வந்தது.

குத்தாயி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. மழை வாசனை இல்லை. சோளத்தட்டை கருகும் வாசனை. காட்டோரத்தில் பட்டுப்போன சோளத்தை யாரோ கொல்லையிலேயே கொளுத்தியிருக்கிறார்கள். காற்று அதைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

“ஐயா, அது மேகம் இல்ல. புகை.”

சொல்லி வாய் மூடவில்லை, மரங்களுக்கு நடுவே தீ தெரிந்தது. மான்கள் ஓட எழுந்தன. கால் இருக்கிறது என்று பெருமை பேசினவைதான், ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வளையத்துக்கு வெளியே காய்ந்த புல், அதற்குமேல் புகை. காற்று திசை மாறி மாறி அடித்தது. ஓடியிருந்தால் ஓடின திசையிலேயே தீ எதிரே வந்து நின்றிருக்கும்.

“வீதியைத் தாண்டாதீங்க. சேத்துல இறங்கிப் படுங்க” என்று கத்தியது குத்தாயி. கத்திவிட்டு வளைவாசலுக்கு ஓடி, ஈரச் சேற்றை வாரி வாரி அடைத்தது. உள்ளே குட்டிகள் சிணுங்கின. அதைக் கேட்டுக்கொண்டே அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். அடைத்துவிட்டு, முள்ளையெல்லாம் விரித்து, அந்த வாசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

தீ வந்தது. மரம் வெடிக்கும் சத்தத்தோடு வீதியின் விளிம்பு வரை வந்தது. அங்கே தின்ன ஒரு சருகு கிடைக்கவில்லை, கவ்வ ஒரு கிளை கிடைக்கவில்லை. மூன்று மடங்கு அகலம் போட்டிருந்தால் அந்தக் காற்றில் தாண்டியிருக்கும். ஐந்து மடங்கைத் தாண்ட முடியவில்லை. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, வளையத்தை இரண்டு பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்விட்டது.

ஒரே ஒரு பொறி மட்டும் பறந்துவந்து, பிரமித்துப்போய் வீதி நடுவில் நின்றுகொண்டிருந்த மயிலின் தோகையில் விழுந்தது. பன்றி அதன் கழுத்தைக் கவ்வி இழுத்துச் சேற்றில் முக்கியது. உயிர் தப்பியது. தோகையில் மூன்று இறகுகள் மிஞ்சின.

புகை அடங்கியதும் குத்தாயி அடைத்த சேற்றைப் பறித்தது. உள்ளே இருட்டிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொரு மூக்கும் வந்தது. குத்தாயி இரண்டையும் மாறி மாறி நக்கியது. காடே பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் மறுபடியும் அழுதது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், யாரும் எதிர்பாராமல் வானம் இருட்டியது. சூறைக்காற்று வந்து கருகி நின்ற மரங்களைச் சாய்த்தது. பின்னாலேயே கோடைமழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கரியைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் கறுப்பாக ஓடிவந்து குளத்தில் சேர்ந்தது. அந்த நேரத்தில் மயில் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? ஒரு பாறை இடுக்கில் மூன்று இறகையும் மடக்கி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பன்றி வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தது. யோசித்துவிட்டு மயிலை எழுப்பிக் கேட்டது. “ஐயா இன்னைக்கு ஆடவே இல்லையே. அப்புறம் மழை எப்படி வந்துது?”

எல்லாரும் மயிலைப் பார்த்தார்கள். மயில் கண்ணைக் கசக்கியது. மழையைப் பார்த்தது.

“அன்னைக்கு நான் ஆடினது இன்னைக்குத்தான் மேகத்துக்குப் போய்ச் சேந்திருக்கு. தூரம் அதிகமில்லையா?”

குரங்கு கிளையிலிருந்து சிரித்து விழுந்தது. மான்கூடச் சிரித்தது. பன்றி, காணிக்கையாக வைத்திருந்த கடைசி அத்திப்பழத்தை எடுத்துத் தானே தின்றுவிட்டது. மயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாறை இடுக்குக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

குத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் காட்டுக்காரர்களை அதற்கு நன்றாகத் தெரியும். தீ பட்ட ஞாபகம் ஒரு மழை வரைக்கும்தான். அடுத்த பங்குனியில் போய்க் கூப்பிட்டால் பன்றிக்கு முதுகு வலிக்கும், மானுக்கு வேறு வேலை வந்துவிடும். அதற்குள் மயிலுக்குத் தோகை முளைத்துவிடும்.

எல்லாரும் போன பிறகு, அது ஒரு நல்ல அத்திப்பழத்தைக் கொண்டுவந்து மயிலின் முன்னால் வைத்தது.

“அதுங்க கிடக்குதுங்க, ஐயா. வர்ற வருஷமும் நீங்கதான் ஆடணும். பங்குனி பிறந்ததும் வீதியைப் பெருக்கச் சொல்லி உத்தரவு போட்டுடுங்க.”

மயிலின் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. மூன்று இறகையும் விரித்து, திரும்பிப் பார்த்துக்கொண்டது.

“இந்தத் தடவை வீதி ஏழு மடங்கு அகலம் இருக்கணும்” என்றது.

“ஏழு போதுமா, ஐயா?” என்று கேட்டது குத்தாயி.

நீதி: மழையை ஆடி வரவழைக்க யாராலும் முடியாது, சருகைப் பெருக்கிவைக்க எல்லாராலும் முடியும்.