கற்றூணில் கேட்ட பெயர்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கதை முடிகிற இடத்தில் ஒரு கேள்வி கேட்பேன். யோசிக்காமல் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் என்மேல் பாயக்கூடாது.

சூசைபுரம் என்றொரு கடற்கரை ஊர். வருஷம் தவறாமல் பெரிய வெள்ளியன்று மத்தியானம் கோயில் மைதானத்தில் பாஸ்கு நாடகம் நடக்கும். ஆண்டவருடைய சிலுவைப்பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். ஆண்டவர் வேஷம் வியாகுலத்துக்கு. நாற்பது நாள் கவிச்சி தொடாமல் விரதமிருந்து கட்டுகிற வேஷம் அது. அவரைக் கற்றூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கிற சேவகனாக வருபவன் வியாகுலத்தின் சொந்த அண்ணன் சவரியான். சிலுவை சுமக்கக் கைகொடுக்கிற சீமோனாக வருபவன் இன்னாசி. இந்த இன்னாசியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

வியாகுலத்துக்கும் இன்னாசிக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். புருஷன் பெண்சாதிக்குள் இருக்குமே, அந்த உயிர்தான்; சுற்றி வளைத்துச் சொல்வானேன். தவக்காலத்தில் ஒருநாள் உப்பளக் கொட்டகையில் இருவரையும் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். இன்னாசி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான். பிடிபட்டவன் வியாகுலம் மட்டும்தான். கூட இருந்தவன் யாரென்று எத்தனை மிதி மிதித்துக் கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக இன்னாசியிடம் வந்து, "ஏலே, உன் சேக்காளியாச்சே, கூட இருந்தவன் யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் தெரியாது என்றான்.

விஷயம் பங்குச் சாமியார் காதுக்குப் போயிற்று. பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு பிரசங்கத்தில் அவர் சோதோம் ஊர் அழிந்த கதையைப் பிடித்துக்கொண்டார். நெருப்பும் கந்தகமும் மழையாகப் பெய்ததை விவரித்துவிட்டு, "அந்த அசுத்தம் இந்த ஊரிலும் இருக்கிறது. வேரோடு பிடுங்குங்கள்!" என்று மேசையில் ஓங்கி அடித்தார். பாவத்தைத்தான் சொன்னேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊர்க் கமிட்டியின் காதில் அது ஆளைப் பிடுங்கச் சொன்னதாக விழுந்தது.

கமிட்டி கூடியது. பாஸ்கு நிற்கக்கூடாது, வியாகுலமே நடிக்கட்டும், கற்றூண் காட்சியில் நிஜமாகவே அடித்துக் கூட இருந்தவன் பெயரை வாங்கிவிடலாம் என்று முடிவானது. சவரியானைக் கூப்பிட்டு, "நீ அடிச்சா உன் தம்பிக்கு உயிராவது மிஞ்சும். நாங்க அடிச்சா அதுவும் மிஞ்சாது" என்றார்கள். அவனும் சரியென்றான்.

வியாகுலத்துக்கு எப்படியோ வாடை தட்டிவிட்டது. வியாழக்கிழமை இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் கற்றூண்ல எனக்கு என்ன நடந்தாலும் நீ மேடை ஏறக்கூடாது. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றான். இன்னாசி செய்துகொடுத்தான். பாவி, செய்துகொடுத்தானே!

இன்னொரு சங்கதியும் சொல்லிவிடுகிறேன். பெரிய வியாழன் பூசையிலிருந்து உயிர்ப்புப் பூசை வரைக்கும் கோயில் மணியை அடிக்கக்கூடாது என்பது முறை. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கமான சாட்டை சணலில் செய்தது. சிவப்புச் சாயத்தில் தோய்த்து அடித்தால் முதுகில் கோடு விழும், வலிக்காது. அன்று சவரியான் கையில் இருந்ததோ காய்ந்த திருக்கை மீன் வால், உடம்பெல்லாம் முள். அதையும் சாயத்தில் தோய்த்து வைத்திருந்தார்கள். முதல் அடியிலேயே தோல் பிய்ந்து வந்தது. "எங்க பாவத்துக்காகவா ஆண்டவரே!" என்று சனங்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுது பாடினார்கள். ஐந்தாவது அடியில் வியாகுலத்தின் காது கிழிந்து தொங்கியது. பத்தாவதில் முதுகில் ஈ மொய்த்தது. சாயத்தில் ஈ மொய்க்குமா? முன்வரிசைக்காரர்கள் ஈயைப் பார்த்தார்கள். பாட்டை நிறுத்தவில்லை.

ஒவ்வோர் அடிக்கும் சவரியான் குனிந்து, "பேரைச் சொல்லுலே, விட்டுருதேன்" என்றான். ஆண்டவருக்கு அந்தக் காட்சியில் வசனம் கிடையாது. வியாகுலமும் பேசவில்லை.

திரைக்குப் பின்னால் நின்ற இன்னாசி துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். மேடை ஏறினால் வியாகுலம் வாங்கிய அடியெல்லாம் வீண். ஏறாவிட்டால் அவன் பிணம். இதற்கு நடுவில் அந்தப் பாழாய்ப்போன சத்தியம் வேறு. இருபத்திரண்டாவது அடியில் வியாகுலத்தின் முழங்கால் மடங்கி, ஆள் கட்டிய கயிற்றில் தொங்கினான். அவ்வளவுதான். இன்னாசி பாய்ந்து ஏறி அவன் முதுகின்மேல் கவிழ்ந்துகொண்டான்.

"நாந்தாம்ணே! கொட்டகையில இருந்தது நாந்தான். துண்டைப் போட்டுட்டு ஓடினவன் நாந்தான். அவனை விடுங்க!"

கேட்ட பெயர் கிடைத்துவிட்டது. சவரியான் சாட்டையை மறுபடி ஓங்கினான். இருபத்துமூன்றாவது அடி இருவர்மேலும் விழுந்தது. இருபத்துநான்காவதில் இன்னாசியின் இடது கண் போயிற்று. கூட்டம் கல்லும் கட்டையுமாக மேடையேறியது. யாரோ அவன் கையைச் சிலுவைக் கட்டையின்மேல் வைத்து ஏறி மிதித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் மணி அடித்தது. பெரிய வெள்ளியன்று மணி! ஊரே உறைந்து நின்றது. சாமியார் கயிற்றில் தொங்கிக்கொண்டு, "நிறுத்துங்க, நான் இதைச் சொல்லலையே, நிறுத்துங்க!" என்று கதறிக்கொண்டிருந்தார். அந்தத் திகைப்பு கலைவதற்குள் அவரே இருவரையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

குப்புறக் கிடந்த வியாகுலத்துக்கு மறுநாள் நினைவு வந்தது. "உன் பேரைக் காப்பாத்தத்தானே இருபத்திரண்டு அடி வாங்கினேன். சத்தியத்தை முறிச்சு எல்லாத்தையும் வீணாக்கிட்டியேலே" என்றான். இன்னாசிக்கு அழுவதற்கு ஒரு கண்தான் மிச்சம் இருந்தது. அதில் அழுதான்.

நீங்கள் சொல்லுங்கள். உயிர் போனாலும் பெயரைச் சொல்லாத வியாகுலம், சத்தியத்தை முறித்துச் சொல்லிவிட்ட இன்னாசி, தம்பி உயிர் மிஞ்சட்டும் என்றே அடித்ததாகச் சொல்கிற சவரியான், முறையை மீறி மணியடித்த சாமியார், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சவரியான் கதை சுலபம். பெயருக்காகத்தான் அடித்தான் என்றால், பெயர் கிடைத்த பிறகு இருபத்துமூன்றாவது அடி எதற்கு? வியாகுலம் செய்தது சரி. அந்தப் பெயர் அவனுடையது அல்ல, எடுத்துக் கொடுக்க அவனுக்கு உரிமை கிடையாது. இன்னாசி செய்ததும் சரி. அது அவனுடைய பெயர். இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்க எந்தச் சத்தியமும் அவனுக்கு உரிமை தராது. சாமியாரா? நல்ல மணிதான் அடித்தார். ஆனால் அது குருத்து ஞாயிறன்றே அடித்திருக்க வேண்டிய மணி.