வாலைப் பார்த்த வீரம்

வெண்கோட்டை நகரத்தில் வீரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பகைவனுக்கு முதுகு காட்டினவன் அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது. போரில் வென்று திரும்பிய சேனாபதி மாறவேளின் குதிரைக்கோ பின்தொடையில் அம்புக்காயம். ராஜா அதைப் பார்த்துவிட்டார்.

"நான் முதுகே காட்டவில்லை மகாராஜா! இந்தக் கோழைக் குதிரைதான் திரும்பி ஓடியது. இதைப் பழக்கிய குதிரைக்காரன் கூத்தனின் தலையை வாங்குங்கள்!" என்று குதித்தார் சேனாபதி.

கூத்தன் கடிவாளத்தை விடாமலே கும்பிட்டான்.

"ஐயா சொல்வது சத்தியம், மகாராஜா. குதிரை திரும்பி ஓடியும் ஐயா முதுகு காட்டவில்லை என்றால், வாலைப் பார்த்துத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். வெற்றி ஊர்வலத்துக்கும் சேணத்தை அப்படியே திருப்பிக் கட்டிவிடவா?"

"கட்டு" என்றார் ராஜா.

கூத்தன் கட்டினான். மேளம் முழங்கியது, ஊரே கூடியது. சேனாபதிக்குத்தான் அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி.